இரண்டாவது மின்வழிக்காக உத்திரமேரூருக்கு ஒரு நாள்

இந்தத் தளத்தில் நான் எழுதுவதெல்லாம் பேருந்தில் போய், ஏதாவது ஓர் ஏரியைப் பார்த்துவிட்டு, பொழுது சாய வீடு திரும்பும் பயணங்கள். இந்த முறை போனது ஊர் பார்க்க அல்ல, ஆபீஸ் வேலையாக. கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, ஒரே ஒரு கையெழுத்து வாங்கிவரச் சொல்லி என்னை உத்திரமேரூருக்கு அனுப்பினார்கள். வழியும் நேரமும் செலவும் உங்களில் யாருக்காவது பயன்படும் என்று எழுதி வைக்கிறேன். மீதிக் கதையை எழுதுவது, அதை யாரிடமாவது கொட்டினால்தான் எனக்கு ஆறும் என்பதால்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. சென்னைக்கு வெளியே ஒரு டேட்டா சென்டரில் கரண்ட் பார்க்கிற இன்ஜினியர் நான். பத்தொன்பது வருடமாக இதே வேலை. பல கம்பெனிகள் ஒரே கூடத்தில் ஆளுக்கொரு இரும்பு அலமாரியை வாடகைக்கு எடுத்துத் தங்கள் கம்ப்யூட்டர்களை வைத்துக்கொள்ளும் இடம் அது. அலமாரிக்கு ரேக் என்று பெயர். ஒவ்வொரு ரேக்குக்கும் ஏ, பி என்று இரண்டு மின்வழி கொடுப்போம். தனித்தனி யுபிஎஸ், தனித்தனி கேபிள். ஒன்று நின்றால் மொத்தப் பாரத்தையும் மற்றது அந்தக் கணமே தாங்க வேண்டும். அதனால் இரண்டையுமே எப்போதும் பாதிக்கு மேல் ஏற்றமாட்டோம்.

இப்போது செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுடைய ஒரு ரேக், பழைய ரேக் பத்து இழுக்கிற கரண்டை ஒன்றே இழுக்கும். அதற்கென்று புது லைன் வாங்கி, புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும். வருகிறவரோ மூன்று மாதத்தில் வேண்டும் என்கிறார். எங்கள் மேலாளரின் கண் பாதி காலியாக நிற்கும் பி வழியில் விழுந்தது. "சும்மாதானே மேடம் இருக்கு? அதை அவங்களுக்குக் கொடுத்துடலாம்" என்றார். அந்தக் கூடத்து மின் கணக்கு அறிக்கையை எழுதிக் கொடுத்தவளே நான்தான். அதில் பி வழியின் மிச்சத்துக்கு நேராக 'பயன்படாத கொள்ளளவு' என்று ஒரு தலைப்புப் போட்டிருந்தேன். அந்தத் தலைப்பைப் போட்ட கையை இன்னமும் நொந்துகொண்டிருக்கிறேன்.

கூடத்தில் பழைய வாடிக்கையாளர்கள் பன்னிரண்டு பேர். 'எங்கள் ரேக்கின் பயன்படாத இரண்டாவது மின்வழியை விட்டுக்கொடுக்கச் சம்மதம்' என்ற கடிதத்தில் பதினோரு பேர் மெயிலிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். படித்தார்களா என்று எனக்குச் சந்தேகம். பன்னிரண்டாவது ஆள் ஜோதி. உத்திரமேரூரைச் சுற்றி நாற்பத்து மூன்று ஊர்ப் பால் சொசைட்டிகளுக்கு, பாலை அளந்து, தரம் பார்த்து, சீட்டு அடித்துக் கொடுக்கும் சாஃப்ட்வேர் நடத்துகிறாள். எங்களிடம் ஒரே ஒரு ரேக். "நேர்ல வாங்க மேடம், பேசிக்கலாம்" என்று மட்டும் போனில் சொல்லியிருந்தாள். "அவங்களுக்கு உங்க மேலதான் நம்பிக்கை. நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் மேலாளர். நம்பிக்கையை இதற்குப் பயன்படுத்தச் சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. போகமாட்டேன் என்று சொல்லத் தெம்பில்லை.

தாம்பரத்தில் காலை 7.10 மின்சார ரயில், செங்கல்பட்டுக்கு 7.58. டிக்கெட் பத்து ரூபாய். உட்கார இடம் கிடைத்தது, அன்றைக்கு நடந்த முதல் நல்ல காரியம். அங்கிருந்து உத்திரமேரூர் பேருந்து 8.25க்கு. என் போன் கணக்கில் முப்பத்தொரு கிலோமீட்டர், டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் கல்குவாரி லாரிகள் முன்னாலும் பின்னாலும் சேர்ந்துகொண்டன. ஜன்னலைத் திறந்தால் புழுதி, மூடினால் புழுக்கம். ஒன்றேகால் மணி நேரம் இடுப்பு ஒருவழியாகி 9.40க்கு இறங்கினேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே பொங்கல், வடை, காபி எழுபது ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம்.

கடைத்தெருவில் ஓர் உரக்கடை மாடியில் ஜோதியின் ஆபீஸ். பூட்டு தொங்கியது. போன் செய்தேன்.

"மேடம், மன்னிச்சுக்குங்க. காலைல ஒரு ஊர்ல பிரிண்டர் மக்கர் பண்ணிக்கினு கீது. இன்னிக்கு சாயங்காலப் பால் முடியற வரிக்கும் இங்கதான். நீங்க மூணு மணிக்கா நேரா இங்கியே வந்துடுங்க."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் மத்தியானமா கிளம்பியிருப்பேனே ஜோதி."

"பிரிண்டர் எனக்கு முன்னாடியே சொல்லல மேடம்."

ஐந்து மணி நேரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஊரின் குடவோலைக் கல்வெட்டுக் கோயிலைப் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது, ஒரு சுற்று வெளியிலிருந்தே பார்த்துவிட்டு நகர்ந்தேன். ஏரிக்கரைக்குப் போனேன். மழை நன்றாகப் பெய்திருந்ததால் தண்ணீர் கரை தொட்டு நின்றது. வேறு நாளாக இருந்தால் இரண்டு பத்தி எழுதியிருப்பேன். அன்றைக்கு ஒரு வேப்பமர நிழலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்தக் கடிதத்தை எடுத்து நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் 'பயன்படாத' என்ற சொல் என்னைப் பார்த்து முறைத்தது. சாப்பாடு அளவு மீல்ஸ், நூறு ரூபாய். ரசம் மட்டும் தேறியது.

ஜோதி இருந்தது மாகறலுக்குப் பக்கத்தில், செய்யாற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், ஏன் என்று போகப்போகத் தெரியும். உத்திரமேரூரிலிருந்து பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூற்று ஐம்பது கேட்டார், முந்நூறுக்குப் படிந்தது.

"இன்னாம்மா, பால் சொசைட்டிக்கா? செக்கிங் பண்ண வந்துகினு கீறீங்களா?" என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"இல்லப்பா. ஒரு கையெழுத்து வாங்கணும்."

"ஒரு கையெய்த்துக்கா இம்மாந் தூரம்? இப்பல்லாம் போன்லியே போட்டுடறாங்களே."

"போட்டிருந்தா நான் வீட்ல இருப்பேன்."

"அப்ப போட மன்சு வரல போல கீது" என்றார்.

மூன்று இருபதுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நீளமான ஒற்றை அறை. வாசலிலிருந்து தெரு வரைக்கும் தூக்குகளும் கேன்களும் வரிசையாக நின்றன. ஆள் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, அவரவர் தூக்கு நின்றால் போதும். ஜோதி பிரிண்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். வாயில் ஒரு ஸ்க்ரூ, கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். "அஞ்சு நிமிஷம் மேடம்" என்று கையைக் காட்டினாள். அந்த அஞ்சு நிமிஷம் மூன்று மணி நேரமானது. குற்றம் சொல்லமாட்டேன், பால் வர ஆரம்பித்துவிட்டது.

வேலை நடக்கும் விதம் எளிது. தூக்கை எடை மெஷினில் வைத்துப் பாலை ஊற்றுகிறார்கள், ஒரு கரண்டி எடுத்துத் தரம் பார்க்கிறார்கள், அந்த எண்கள் எங்கள் கூடத்தில் இருக்கும் ஜோதியின் ரேக்குக்குப் போய்த் திரும்பி, சீட்டாக வெளியே வருகின்றன. சீட்டு இல்லாமல் செக்ரட்டரி பாலை ஏற்பதில்லை. முன்பு நோட்டில் எழுதி ஏகப்பட்ட சண்டை வந்ததால் ஊர்க்கட்டுப்பாடே அப்படி. என் கண்ணில் பட்டது வேறொன்று. எடை மெஷின் இரண்டு இருந்தன. ஒன்றில் மட்டும் வேலை நடந்தது. இன்னொன்றைச் சாக்கு போட்டுப் போர்த்திக் கயிற்றால் கட்டி மூலையில் வைத்திருந்தார்கள். தெருவில் அறுபது தூக்காவது காத்திருந்தது.

பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டேன். பெயர் எலிசபெத். வயல் வேலைக்குப் போகிறவர், ஒரே ஒரு மாடு வைத்திருக்கிறார். இரண்டு லிட்டர் தூக்கு அவருடையது. "அந்த மெஷின் ரிப்பேரா?"

"ரிப்பேர்லாம் இல்லம்மா, நல்லாத்தான் கீது. யாரும் தொடக்கூடாது."

"சும்மா வச்சிருக்கிறதுக்கா வாங்கினாங்க?"

"இத்தான் அவரும் கேட்டாரு" என்று வரிசையில் தள்ளி நின்ற ஒரு பெரியவரைக் கண்ணால் காட்டினார். இருபது மாடு வைத்திருப்பவராம். "ஆவணி மாசம். 'சும்மாதான கீது, எனக்குக் குடுங்க, என் கேனெல்லாம் அதுல போட்டுக்கறேன், உங்களுக்கும் வரிசை கொறையும்'னாரு. எல்லாரும் சரின்ட்டோம். நானும்தான். பத்து பாஞ்சு நாளு ஜோரா போச்சு. சீக்கிரமா வூட்டுக்குப் போனோம்."

"அப்புறம்?"

"ஒரு நாளு இந்த மெஷின் செத்துப்போச்சு. அவரு கேனுங்க பன்னண்டு அதுல நிக்குது. 'இதோ முடிச்சுக்கறேன், இதோ முடிச்சுக்கறேன்'னாரு. இருட்டற வரிக்கும் நின்னோம். அன்னிக்கு வெயிலு வேற. என் பாலு புளிச்சுடுச்சுன்னு திருப்பிட்டாங்க. எனக்கு ஒரே மாடும்மா."

"அவரை இறங்கச் சொல்ல வேண்டியதுதானே?"

எலிசபெத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு சொல்றது? அவுரு நெலத்துலதான் நாங்க நாத்து நடறோம். அவுரும் கெட்டவரு இல்ல. அவுரு பாலும்தான கெட்டுப்பூடும்? ஒண்ணு நின்னா நீ எறங்கணும்னு மொதல்லியே பேசி வச்சுக்கல. அதான் தப்பு. அன்னிலேர்ந்து சாக்கு போட்டுக் கட்டிட்டாங்க."

என் பையிலிருந்த கடிதம் ஒரு செங்கல் கனம் கனத்தது. பி வழியைச் செயற்கை நுண்ணறிவுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, ஒரு நாள் ஏ வழி நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு பேரின் பாரமும் பி மேல் விழும். அங்கே ஏற்கெனவே அந்தப் பெரிய ரேக்குகள் நிறைந்திருக்கும். பாரம் தாங்காமல் பி வழியும் போகும். கூடம் மொத்தமும் இருட்டு. நிற்பது சாயங்காலப் பால் நேரமாக இருந்தால் நாற்பத்து மூன்று ஊரில் எலிசபெத் மாதிரி ஆட்கள் தூக்கோடு நிற்பார்கள். இதையெல்லாம் ஆபீஸில் ஒரு தடவை சொன்னேன், 'அப்படி எப்போதோ நடக்கும்' என்றார்கள். இரண்டாவது தடவை சொல்லாமல் சலித்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என் மேலேயே வெட்கமாக இருந்தது.

ஆறே காலுக்குக் கடைசித் தூக்கு காலியானது. ஜோதி கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு டீ வந்தது.

"குடுங்க மேடம், எங்க போடணும்?"

"படிக்கலையா?"

"மெயில்ல வந்தப்பவே படிச்சேன். ரெண்டு பிளக்கையும் மாட்டணும், ஒண்ணை மட்டும் மாட்டிட்டுப் போயிடாதேன்னு ஒன்பது வருஷத்துக்கு முந்தி எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். இப்ப ஒண்ணு போதும்னு நீங்களே லெட்டர் அனுப்புறீங்க. அதான் நேர்ல வரச் சொன்னேன். உங்க மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்னு. ஒண்ணு போதுமா மேடம்?"

டீயைக் கீழே வைத்தேன். "போதாது" என்றேன்.

"நான் போடலன்னா?"

"மார்ச்சில உன் ஒப்பந்தம் முடியுது. புதுப்பிக்க மாட்டாங்க."

"வேற எடம் போனா அங்கியும் இதே கத தான்."

"அநேகமா."

அவள் பேனாவை எடுத்துவிட்டாள். நான் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டேன். நாற்பத்தேழு வயதில் அவ்வளவு வேகமாகக் கை நீட்டியதில் தோள் சுளுக்கிக்கொண்டது. கடிதத்தின் அடியில் பேனாவால் எழுதினேன்: 'ஏ வழி நின்ற அந்தக் கணமே, யாரையும் கேட்காமல், தானியங்கி ஸ்விட்ச் மூலம் பி வழியிலிருந்து முதலில் நிறுத்தப்படுவது புதிய வாடிக்கையாளரின் ரேக்குகள். இதற்கு உட்பட்டே சம்மதம்.' 'யாரையும் கேட்காமல்' என்பதை இரண்டு தடவை அடிக்கோடிட்டேன். இறங்கச் சொல்லும் தைரியம் எங்கள் ஆபீஸிலும் எவருக்கும் வராது என்று எனக்குத் தெரியும்.

ஜோதி அதை நிதானமாகப் படித்தாள். "இதுக்கு அவங்க ஒத்துக்குவாங்களா?"

"தெரியாது. ஒத்துக்கலைன்னா இந்தக் கையெழுத்து செல்லாது. அப்படித்தான் எழுதியிருக்கேன்."

"உங்களுக்கு பேஜார் ஆயிடப்போவுது மேடம்."

"ஏற்கெனவே பேஜார்தான்" என்றேன். கையெழுத்துப் போட்டாள். அவளுடைய வண்டியிலேயே மெயின் ரோட்டில் கொண்டுவந்து விட்டாள்.

6.55க்குக் காஞ்சிபுரம் பேருந்து. டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இலவசம். பதினாறு கிலோமீட்டருக்கு முக்கால் மணி. பாதி வழியில் மேலாளர் போன். கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன்.

"மேடம், நீங்க யாருக்கு வேலை பாக்கறீங்க?"

"இந்தக் கூடத்துக்கு."

"கரண்ட் நிக்கவே நிக்காதுன்னு புதுசா வர்றவங்ககிட்ட வாக்கு கொடுத்திருக்கேன். இப்ப இப்படி எழுதினா நான் என்ன பதில் சொல்றது?"

"பழைய பன்னிரண்டு பேருக்கும் இதே வாக்கைத்தான் கொடுத்தோம் சார். புதுசா வர்றவங்களை ஒரு தடவை கேட்டுப் பாருங்க, அவங்க வேலை நின்னு போனா என்ன ஆகும்னு." பக்கத்து இருக்கையில் கீரைக்கட்டு வைத்திருந்த பெண்மணி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். போன் துண்டிக்கப்பட்டது. சிக்னலா, அவரா என்று ஆராய்ச்சி செய்யவில்லை. காஞ்சிபுரத்தில் தாம்பரம் பேருந்து பிடித்து, அறுபத்தைந்து ரூபாய் டிக்கெட்டில் வாசல் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டே வந்தேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செங்கல்பட்டு வழியாகப் போகாதீர்கள், லாரிப் புழுதி. காஞ்சிபுரம் வழியே சாலையும் நன்றாக இருக்கிறது, ஐயங்கார்குளத்தின் பெரிய குளத்தையும் மாகறல் கோயிலையும் அப்படியே முடித்துக்கொள்ளலாம். ஏரி பார்க்கக் கார்த்திகை, மார்கழி சரியான காலம். கோயில்களுக்குக் காலை பத்துக்குள் போய்விடுங்கள். ஆற்றோர ஊர்களில் போன் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மாகறல் பக்கம் ஆட்டோ திரும்பக் கிடைக்காது, போன ஆட்டோவையே காத்திருக்கச் சொல்லுங்கள். எனக்கு மொத்தச் செலவு ஐந்நூற்று எண்பத்து மூன்று ரூபாய், தோளுக்கு வாங்கிய தைலம் சேர்க்காமல். ஆபீஸில் ஆட்டோவுக்கு ரசீது கேட்கிறார்கள்.

என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மேலாளர் கடைசியில் புதியவர்களைக் கேட்டார். அவர்களுடைய இன்ஜினியர் சாதாரணமாகச் சொன்னாராம்: எங்கள் வேலை வாரக்கணக்கில் ஓடுவது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விட்ட இடத்தைச் சேமித்துக்கொள்ளும், நின்றால் அங்கிருந்து தொடரும், வாடகையைக் கொஞ்சம் குறையுங்கள். இத்தனை மாதத்தில் ஒருவரும் அவர்களைக் கேட்டிருக்கவில்லை. நான் உட்பட. மேலாளர் இப்போது என்னிடம் வேலை விஷயம் மட்டும் பேசுகிறார். புதியவர்கள் அடுத்த வரிசையையும் கேட்கிறார்கள். அதற்கும் அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பை மட்டும் 'காத்திருப்பு' என்று மாற்றிவிட்டேன்.

புதிய ரேக்குகள் வந்து மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை ஸ்விட்ச்சைச் சோதித்தோம். வேலை குறைவான நேரமாக மதியம் இரண்டு மணி என்று ஆபீஸில் குறித்தார்கள். ஜோதி ஒத்துக்கொள்ளவில்லை, பால் நேரத்தில்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம். அந்தச் சொசைட்டியில் போய் நின்றுகொண்டு போனை வைக்காமல் பிடித்திருந்தாள். மாலை 5.20க்கு ஏ வழியின் பிரேக்கரை என் கையாலேயே இறக்கினேன். புதிய வரிசை மொத்தமும் ஒரே மூச்சில் அடங்கியது. அதன் மின்விசிறிகளின் இரைச்சல் நின்ற பிறகுதான் கூடத்தில் என் மூச்சுச் சத்தமே எனக்குக் கேட்டது. மற்ற வரிசைகளில் பச்சை விளக்குகள் அப்படியே இருந்தன. அந்தப் பதினோரு பேருக்கும் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

போனில் ஜோதியின் பின்னால் தூக்குகள் இடித்துக்கொள்ளும் சத்தம், பிரிண்டர் சீட்டு அடிக்கும் சத்தம்.

"மேடம், எப்ப நிறுத்தப்போறீங்க?" என்றாள். "எலிசபெத்தக்கா தூக்க மெஷின்ல வச்சுட்டு, நிறுத்துனா சொல்லுங்க, நிறுத்துனா சொல்லுங்கன்னு கேட்டுகினே கீறாங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஊத்தச் சொல்லு ஜோதி. நிறுத்தி நாலு நிமிஷம் ஆச்சு."